பலத்தை விற்றவர்: சாண்டோவின் கதை

எம் தலைமுறையினரில் பலர் சாண்டோ என்ற சொல்லை முதலில் வாசித்தது திரையரங்கில், படத்தின் எழுத்தோட்டத்தில்தான். தயாரிப்பு: சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். 1956இல் எம்.ஜி.ஆரை வைத்துத் தாய்க்குப்பின் தாரம் எடுத்தவர், யானையையும் மாட்டையும் நடிக்க வைத்தவர், முருக பக்தர். கோயம்புத்தூரில் இளவயதில் உடற்பயிற்சி செய்து கட்டுடல் வளர்த்ததால் அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் கையில்லாத உள்பெனியனுக்கும் சாண்டோ பனியன் என்றே பெயர். கடையில் கேட்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியும்? அதுவும் அவர் சொந்த நாட்டை விட்டு ஓடி வந்த ஒருவர் என்று?

துன் நகரில் எமது பிள்ளைகள் மாலையானால் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறார்கள். தகப்பன்மாரில் சிலரும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். சீனி வியாதி, இரத்த அழுத்தம், இருபத்தைந்து வருடம் உணவகச் சமையலறையில் நின்ற முதுகு என்று காரணம் பல. வைத்தியர் பாரம் தூக்கச் சொன்னால் முன்பு சிரித்திருப்போம். இப்போது சிரிப்பதில்லை. ஆனால் என்ன வாங்குவது, என்ன உடுப்பது, எந்தத் தூளைக் குடிப்பது என்ற கேள்விகளோடு அங்கே பணமும் நிறையப் போகிறது. இந்த வியாபாரம் முழுவதையும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தொடக்கி வைத்தவரின் வாழ்க்கையை அறிந்தால், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது கொஞ்சம் தெளியும்.

ஓய்கன் சாண்டோவின் இயற்பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2ஆம் திகதி பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். அந்த நகரம் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவின் பகுதி. பிறந்த நகரத்தின் பெயரே வரைபடத்தில் இல்லாமற் போவது என்னவென்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. சிறுவயதில் தாம் மெலிந்த பிள்ளையாக இருந்ததாகவும், தகப்பனோடு இத்தாலிக்குப் போய்ப் பழைய கிரேக்க, உரோமச் சிலைகளைக் கண்டதும் அப்படியொரு உடல் வேண்டுமென்று தீர்மானித்ததாகவும் பின்னாளில் அவரே எழுதினார். அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதை அப்படியே நம்புவதில்லை. புத்தகம் விற்க ஏற்ற கதை என்பதை மறுக்க முடியாது.

1885 அளவில், கட்டாய இராணுவ சேவையைத் தவிர்ப்பதற்காக அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 18 வயது. துன்னில் இருந்துகொண்டு இந்த வரியைச் சும்மா கடந்து போக முடியாது. 1819இல் கூட்டாட்சியின் இராணுவப் பாடசாலை தொடங்கப்பட்ட நகரம் இது. இன்றும் சுவிஸ் இராணுவத்தின் முக்கியமான பயிற்சித் தளம். சனிக்கிழமை மாலையில் புகையிரத நிலையத்தில் பச்சைச் சீருடையும் பெரிய பையுமாக நிற்கும் பையன்களுக்கு நடுவே இப்போது எங்கள் பிள்ளைகளும் நிற்கிறார்கள். துவக்கையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் விட்டு ஓடி வந்த பெற்றோருக்கு, பிள்ளை துவக்கோடு வீட்டுக்கு வருவதைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை வேறொரு கட்டுரையில்தான் எழுத வேண்டும்.

முல்லர் பெயரை மாற்றிக்கொண்டார். தாயின் குடும்பப் பெயர் ரஷ்ய வழி வந்த சாண்டோவ் என்றும், அதை ஜேர்மன் உச்சரிப்புக்குத் திருத்திச் சாண்டோ ஆக்கினார் என்றும் சொல்வார்கள். சேர்க்கஸில் வேலை செய்தார். ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் மாதிரியாக நின்றார். பிரசெல்ஸ் நகரில்தான் அவருக்கு அதிர்ஷ்டம் வந்தது. பேராசிரியர் அட்டிலா என்ற மேடைப் பெயர் கொண்ட லூயிஸ் டுர்லாக்கர் அங்கே உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். பையனின் உடலைப் பார்த்துத் தன்னோடு சேர்த்துக்கொண்ட அட்டிலா, அவருக்குக் கொடுத்தது கனமான பாரங்களை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1889இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்த றோயல் அக்குவாரியம் அரங்கில் சாம்சன் என்ற பலசாலி நாள்தோறும் காட்சி நடத்திக்கொண்டிருந்தார். சங்கிலி அறுப்பார், கம்பி வளைப்பார், தன்னை வெல்பவருக்கு 500 பவுண் என்று சவால் விடுவார். சங்கிலிகள் முன்பே பதம் பார்க்கப்பட்டவை என்பது தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். அட்டிலா தன் மாணவனை அழைத்து வந்தார். மாலை விருந்துக்கான கோட்டும் சூட்டும் அணிந்து, ஒற்றைக்கண் கண்ணாடியோடு மேடையேறிய பொன்னிற முடிக்காரரைப் பார்த்துச் சனம் சிரித்தது. அவர் கோட்டைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. முதலில் சாம்சனின் சீடர் சைக்ளோப்ஸ், சில நாட்களில் சாம்சன், இருவரும் தோற்றார்கள். அறிவித்த பரிசுத்தொகை முழுவதும் கைக்கு வரவில்லை என்பது கணக்குப் பார்க்கும் எமக்கு உறுத்தினாலும், சாண்டோவுக்கு அது பெரிய நட்டமில்லை. அடுத்த நாள் லண்டன் முழுவதும் அவர் பெயர் இருந்தது.

1893இல் அமெரிக்கா. சிக்காக்கோ உலகக் கண்காட்சிக் காலத்தில் புளோரன்ஸ் சீக்பீல்ட் என்ற இளம் நிகழ்ச்சி அமைப்பாளர் அவரை ஒப்பந்தம் செய்தார். அரங்கத்துக்கு வருகிறவர்கள் பாரத்தைவிட ஆளைத்தான் பார்க்கிறார்கள் என்பதைச் சீக்பீல்ட் உடனே பிடித்துக்கொண்டார். எனவே தூக்குவது குறைந்தது, நின்று காட்டுவது கூடியது. உடம்பில் வெள்ளைத் தூள் பூசிச் சலவைக்கல் சிலைபோல் நிற்பார். சிறுத்தைத் தோல், உரோமச் செருப்பு, சில படங்களில் ஒரு அத்தி இலை மட்டும். காட்சி முடிந்த பின் தர்மத்துக்கு 300 டொலர் கொடுக்கும் சீமாட்டிகள் அவரது தசையைத் தொட்டுப் பார்க்கலாம் என்றும் ஏற்பாடு இருந்ததாகச் சொல்வார்கள். 1894 மார்ச்சில் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் அவரைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஊமைப்படம். அதை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். கைகளை மடக்குகிறார், முதுகைக் காட்டுகிறார், அவ்வளவுதான். இன்று எமது பிள்ளைகள் நிலையத்துக் கண்ணாடியின் முன் கைத்தொலைபேசியோடு செய்வதும் அதேதான்.

அவர் எவ்வளவு தூக்கினார்? உயரம் ஐந்தடி எட்டங்குலத்துக்குச் சற்றுக் கூட, எடை 80 கிலோவுக்குச் சற்று மேல். ஒற்றைக் கையால் செய்யும் பென்ற் பிறெஸ் என்ற முறையில் சுமார் 120 கிலோவைத் தலைக்கு மேல் கொண்டு போனார். இந்த முறையை இன்று அதிகம் பேர் செய்வதில்லை. பாரத்தை இரு கையாலும் தோளுக்குக் கொண்டு வந்து, பிறகு ஒரு கையில் அசையாமல் வைத்துக்கொண்டு, உடம்பை மறுபக்கம் சரித்துச் சரித்துப் பாரத்துக்குக் கீழே போக வேண்டும். கை தள்ளுவதில்லை. உடம்பு கீழே போவதால்தான் கை நிமிர்கிறது. கை முழுவதும் நேரானதும் கால்களால் எழும்ப வேண்டும். முதுகும் இடுப்பும் கால்களும் ஒன்றாக வேலை செய்யாவிட்டால் பாரம் அசையாது. பாரந்தூக்குதல் கைபலம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நிலத்திலிருந்து ஒரு அரிசி மூட்டை எடுப்பதும் இதே கணக்குத்தான்: மூட்டை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், முதுகு கூன் போடக் கூடாது, எழும்புவது காலால்.

அவர் உலகின் மிகப் பெரிய பலசாலி என்பது விளம்பரம். அவரைவிடப் பலசாலிகள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். ஆர்தர் சாக்சன் அதே முறையில் 371 இறாத்தல், அதாவது 168 கிலோவைத் தூக்கினார். 1898 பெப்ரவரியில் செபீல்ட் நகர மேடையில் இருவரும் மோதினர். சாண்டோவால் தம் பாரத்தை முறையாகத் தூக்க முடியவில்லை என்று சாக்சன் தரப்பு விளம்பரம் செய்ய, சாண்டோ நீதிமன்றம் போய் வென்றார். மேடையில் இழந்ததை வழக்கறிஞர் மூலம் மீட்டார் என்று நாம் எழுதினால் அவருடைய அன்பர்கள் கோபிக்கலாம். ஆனால் பலம் ஒரு வியாபாரப் பெயர், அதைக் கெட விடக் கூடாது என்பதை அவர் நன்றாக விளங்கி வைத்திருந்தார்.

அந்த வியாபாரத்தைப் பார்ப்போம். 1897இல் லண்டன் செயின்ற் ஜேம்ஸ் வீதியில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். அதே ஆண்டு புத்தகம், அடுத்த ஆண்டு சஞ்சிகை. தபால் மூலம் பயிற்சி: உங்கள் மார்பு, புயம், தொடை அளவுகளை எழுதி அனுப்பினால் உங்களுக்கென்று பயிற்சித் திட்டம் வரும். பிறகு றப்பர் இழுவைக் கருவி. பிறகு அவருடைய பெயர்பெற்ற ஸ்பிரிங் டம்பல். அதன் கைப்பிடி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும், நடுவில் சிறு ஸ்பிரிங்குகள். பயிற்சி முழுவதும் இரண்டு பாதியும் சேரும்படி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பலம் கூடக் கூட ஸ்பிரிங்குகளைக் கூட்டலாம். டம்பலின் எடையோ மிகக் குறைவு. கண்ணாடியின் முன் நின்று, எந்தத் தசை வேலை செய்கிறதோ அதிலேயே மனதை வைத்து, நாளுக்கு நாள் தடவைகளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. முடிந்ததும் குளிர்நீர்க் குளியல்.

இந்த முறையில் உண்மை இருக்கிறது. கவனத்தோடு செய்வது, அளந்து பார்ப்பது, படிப்படியாகக் கூட்டுவது, தினமும் செய்வது என்பவை இன்றைய பயிற்றுநர்களும் சொல்வதே. நாற்பது வயதுக்கு மேல் முதன்முறை தொடங்கும் எம்மவருக்கு இலேசான பாரமும் நிறையத் தடவையும் நல்ல தொடக்கம். ஆனால் சாண்டோவின் உடம்பு இலேசான டம்பலால் வந்ததா? வரவில்லை. பிரசெல்சில் அட்டிலா கொடுத்த கனமான பாரங்களாலும், பல வருட சேர்க்கஸ் உழைப்பாலும், தாய் தகப்பனிடமிருந்து வந்த எலும்புக் கட்டாலும் வந்தது. தாம் செய்ததை அவர் விற்கவில்லை. தபாலில் அனுப்பக் கூடியதை விற்றார், படத்தில் தம்முடைய உடம்பைப் போட்டார். ஐந்தொகையில் இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று எமக்குத் தெரியாது. ஆனால் இன்று ஒரு கிலோ புரதத் தூள் ஐம்பது பிராங்குக்கு விற்கப்படும்போது அதன் டப்பாவில் இருக்கும் உடம்பும் இதே கணக்கில்தான் சேரும். அந்தப் படத்திலுள்ளவர் அதைக் குடித்து வளரவில்லை. சிலவேளை அவர் ஏற்றிக்கொண்டது சொல்லக்கூடாத ஊசி. பருப்பும் மீனும் முட்டையும் தயிரும் உள்ள வீட்டில் தூளுக்கு அவசரமில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கிறோம். கேட்கிற பிள்ளைகளும் உண்டு.

1901 செப்டெம்பர் 14ஆம் திகதி லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டிதான் இன்றைய ஆணழகன் போட்டிகளுக்கெல்லாம் தாய். 60 பேர் இறுதிக்கு வந்தனர். கறுப்பு இறுக்கக் காற்சட்டை, இடுப்புப் பட்டி, மேலே சிறுத்தைத் தோல் என்று எல்லோருக்கும் ஒரே உடை. நடுவர்களில் ஒருவர் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில். தசைப் பருமனுக்கு மட்டும் புள்ளியில்லை, உடம்பின் சமநிலை, பொது ஆரோக்கியம், தோலின் நிலை எல்லாம் பார்க்கப்படும் என்று விதி. நொட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முறே வென்று சாண்டோவின் சிறிய உருவச்சிலையைப் பெற்றார். 1977இலிருந்து மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்குக் கொடுப்பதும் அந்தச் சிலையின் பிரதிதான்.

உடை பற்றிச் சொல்ல வந்ததால் ஒன்று. பளுதூக்கல் வீரர்கள் அணியும் உடம்போடு ஒட்டிய உடையின் மூதாதை, ஜூல்ஸ் லியோத்தார் என்ற பிரெஞ்சு ஊஞ்சல் வித்தைக்காரர் அணிந்தது. அழகுக்காக வந்ததல்ல அது: முழங்கையும் முழங்காலும் நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தொங்கும் துணி பாரத்தில் சிக்கக் கூடாது. 2011இல் சர்வதேச பளுதூக்கல் சம்மேளனம், கையும் காலும் மூடிய ஒட்டுடையை உள்ளே அணியலாம் என்று விதியைத் திருத்தியது. அமெரிக்க முஸ்லிம் வீராங்கனை குல்சூம் அப்துல்லா கேட்டதன் விளைவு. எமது பெண்களில் பலர் நிலையத்துக்கு வரத் தயங்குவது உடையை எண்ணித்தான். போட்டியிலேயே இடமிருக்கும்போது துன்னில் ஒரு மூலையில் நீளக் காற்சட்டையோடு குந்தி எழும்ப யார் தடை? சப்பாத்துக்கு மட்டும் கவனம் வேண்டும். ஓடுவதற்கான மெத்தென்ற அடியுள்ள சப்பாத்தில் பாரத்தோடு குந்தினால் கால் தள்ளாடும். தட்டையான கடின அடி போதும், விலை கூடியது தேவையில்லை. இடுப்புப் பட்டியும் அப்படித்தான். போட்டி விதிப்படி அதன் அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. அது முதுகைத் தாங்கும் சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வயிற்றுத் தசை அழுத்துவதற்கு எதிர்ப்பாக நிற்பதுதான் அதன் வேலை. அழுத்தத் தெரியாதவருக்குப் பட்டி வெறும் அலங்காரம்.

சாண்டோவின் மாணவர்களில் ஒருவர் லோன்செஸ்ரன் எலியட். 1896இல் ஏதென்சில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில் ஒற்றைக் கையால் 71 கிலோ தூக்கி வென்றவர். பிரித்தானியாவின் முதல் ஒலிம்பிக் வெற்றியாளரான அவர் பிறந்தது பிரித்தானிய இந்தியாவின் பம்பாய் மாகாணத்தில்.

1904-05இல் சாண்டோ இந்தியாவுக்கு வந்தார். அவருக்கு முன்பே அவர் பெயர் வந்துவிட்டது. மராட்டியப் பகுதியிலிருந்த அவுந்த் சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி அவருடைய கருவிகளையும் புத்தகங்களையும் வாங்கிச் சுமார் 10 ஆண்டுகள் அவர் முறைப்படி பயிற்சி செய்தவர். பிறகு அதை விட்டுச் சூரிய நமஸ்காரத்துக்கு மாறி, அதையே நாடெங்கும் பரப்பினார். இன்று சுவிஸ் யோகா வகுப்புகளில் சூரிய நமஸ்காரம் செய்யும் வெள்ளைக்காரருக்கு இந்தச் சுற்றுவழி தெரியாது. ஆந்திரத்தில் பிறந்து, சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சிக் கல்வி கற்ற கோடி ராமமூர்த்தி நாயுடு கலியுக பீமன் என்று பெயரெடுத்ததும் அதே காலம்தான். எம்மிடம் முன்பு பலம் இல்லாமல் இருந்ததா என்ன? தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் எறிந்தவனுக்குத்தான் பெண் என்றார்கள். கர்லாக்கட்டை சுற்றாத சிலம்பக் கூடமில்லை. இங்கேயும் துன் ஏரியின் அடுத்த முனையில், இன்ரலாக்கனில், 83.5 கிலோ எடையுள்ள ஊன்ஸ்புனன் கல்லை எறியும் திருவிழா 1805இலிருந்து இருக்கிறது. இரண்டு ஊருக் கல்லும் ஒரே வேலையைத்தான் கேட்டிருக்கின்றன. சாண்டோ புதிதாகக் கொண்டு வந்தது கண்ணாடியும் அளவுநாடாவும் விலைப்பட்டியலும்.

1906இல் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அவரைத் தம் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். சேவைக்கு ஓடி வந்த பிரஷ்யப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்போதுதான் கொக்கோவில் கைவைத்தார். சாண்டோ ஆரோக்கிய பலக் கொக்கோ. ஏற்கெனவே கட்பரி, பிறை, றவுன்றீ என்று மூன்று பெரிய குடும்பங்கள் ஆண்ட சந்தை அது. தமக்குத் தெரிந்த தொழிலில் உழைத்த பணத்தைத் தெரியாத தொழிலில் போடுவது எம்மவர் பலரும் செய்வதுதான், அதன் முடிவையும் நாம் ஏட்டில் பதிந்திருக்கிறோம். 1914இல் யுத்தம் வந்தது. ஜேர்மானியர் என்றால் கடைக் கண்ணாடியை உடைத்த காலம். குடியுரிமைப் பத்திரம் எட்டு வருடப் பழசு, மன்னரின் நியமனமும் கையில் இருந்தது. ஆனால் பிறந்த இடம் கோனிக்ஸ்பேர்க். கொக்கோக் கம்பனி யுத்த காலத்திலேயே மூழ்கியது, சேர்த்ததில் பெரும்பகுதி அதோடு போயிற்று. போட்டியாளர்களின் பலமும் ஒரு காரணம் என்று நிதானமாகச் சொல்லலாம். ஆனாலும் அந்தக் குடியுரிமைப் பத்திரத்தை எண்ணும்போது எமக்கு நிதானம் கொஞ்சம் குறைகிறது.

1925 அக்டோபர் 14ஆம் திகதி லண்டனில், 58 வயதில் காலமானார். பள்ளத்தில் விழுந்த மோட்டார் வாகனத்தைத் தனியாகத் தூக்கியதால் மூளை நரம்பு வெடித்தது என்ற கதை நெடுங்காலம் உலவியது, விளம்பரத்துக்கு ஏற்ற மரணம் போல. மரணப் பதிவில் உள்ள காரணம் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வீங்கி வெடித்தது. வெளியே எவ்வளவு கட்டாக இருந்தாலும் உள்ளே குழாய் மெலிந்திருந்தால் கண்ணாடி அதைக் காட்டாது. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் சடுதியாக ஏறும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். முக்கித் தூக்க வேண்டிய பாரம் உங்களுக்கு உரிய பாரமல்ல.

லண்டன் பட்னி வேல் மயானத்தில் அவரைப் புதைத்தார்கள். மனைவி பிளான்ச் கல் வைக்க விடவில்லை. வேறு பெண்களோடு அவருக்கிருந்த தொடர்புகளே காரணம் என்று பேசப்பட்டது. உலகம் முழுவதும் படம் விற்ற மனிதருக்கு 77 வருடம் பெயரில்லாத குழி. 2002இல் ஒரு அன்பர் சிறு நினைவுக்கல் வைத்தார். 2008இல் கொள்ளுப்பேரன் அதை மாற்றி ஒன்றரைத் தொன் எடையுள்ள செதுக்காத பாறை ஒன்றை நட்டார். அதில் சாண்டோ என்று மட்டும் வெட்டியிருக்கிறது. முல்லர் என்ற பெயர் அங்கே இல்லை.